‘வருவார்’ பிழையில்லை: கொழும்பின் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பதிப்பாளர்களே, அச்சக உரிமையாளர்களே,

வட கொழும்பில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். நூலகமும் என் பொறுப்பில்தான். நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பழைய விஞ்ஞான ஆய்வுகூடத்தின் பாதி அது. நான்கு அலுமாரி, இரண்டு நீள மேசை, மழை பெய்தால் வாளி வைக்க ஒரு மூலை.

சென்ற ஆண்டு தரம் 10 பிள்ளைகளுக்கு ‘எங்கள் வீட்டு மாலைப்பொழுது’ என்று கட்டுரை கொடுத்தேன். ஒருத்தி இப்படித் தொடங்கியிருந்தாள்: அப்பா ஐந்தரைக்கு வருவார். செருப்பைக் கழற்றும்போதே என்னைக் கூப்பிடுவார். கையில் மாலுபாண் பை இருக்கும். துறைமுகத்தில் வேலை செய்த அவளுடைய தகப்பன் அதற்கு நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். செத்தவீட்டுக்கு நானும் போய்த் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தவள்தான். அப்படியிருந்தும் சிவப்புப் பேனையால் ‘வருவார்’ என்பதை வெட்டி மேலே ‘வந்தார்’ என்று எழுதினேன். ஓரத்தில் ‘காலவழு’ என்றும் போட்டேன். நாற்பத்திரண்டு கொப்பி திருத்துகிறவளின் கை, மனதைக் கேட்காமல் செய்கிற வேலை அது.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்த அன்று இடைவேளையில் அவள் நூலகத்துக்கு வந்தாள். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. “‘வந்தார்’னு போட்டா ஒருநாள் மட்டும் வந்த மாதிரில்ல மிஸ்?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரி. தமிழில் ‘வருவார்’ என்பது நாளைக்கு வரப்போகிறவருக்கும் பொருந்தும், முன்பு ஒவ்வொரு நாளும் வந்துகொண்டிருந்தவருக்கும் பொருந்தும். ‘அந்த நாளில் அம்மம்மா விடிய நாலு மணிக்கே எழும்புவா’ என்று எல்லோரும்தான் சொல்கிறோம். காலம் மயங்கி வருவதற்கு நன்னூலே வழுவமைதி என்று இடம் விட்டிருக்கிறது. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை அந்த ஒரு வினைமுற்றுக்குள் போய் நின்றுகொண்டிருந்தாள். அங்கே, வந்துகொண்டிருந்த அப்பாவும் வரப்போகிற அப்பாவும் ஒரே ஆள். நான் அவளைக் கையைப் பிடித்து இழுத்து இறந்தகாலத்தில் விட்டேன். (அந்தக் காலத்துக்கு நம் இலக்கணகாரர் வைத்த பெயரையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.)

உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றைத்தான். பதின்மூன்று வயதுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட நம் பிள்ளைகளுக்காக, சாவைப் பற்றியும் சாவுக்குப் பிறகு வரும் நாள்களைப் பற்றியும், கவிதையிலேயே எழுதப்பட்ட நாவல்களை அச்சிடுங்கள்.

இது என் தலையில் திடீரென்று உதித்த யோசனையில்லை. வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய நன்கொடைப் பெட்டி ஒன்று எங்கள் நூலகத்தில் இரண்டு வருடமாகப் பிரிக்காமல் கிடந்தது. உள்ளே பெரும்பாலும் பழைய சமையல் புத்தகங்களும் பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் புத்தகங்களும். அவற்றுக்கு நடுவே மெல்லிய ஆங்கில நாவல் ஒன்று இருந்தது. கரென் ஹெஸ் 1997இல் எழுதிய ‘அவுட் ஒவ் த டஸ்ட்’. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நியூபெரி பதக்கம் பெற்ற புத்தகம். 1930களில் ஒக்லஹோமாவைப் புழுதிப்புயல் மூடிய காலம். அடுப்பருகே இருந்த மண்ணெண்ணெய் வாளியால் நேர்ந்த விபத்தில் தாயை இழக்கிறாள் ஒரு பெண்பிள்ளை, வயது பதினான்கு. பியானோ வாசிக்கிற அவளுடைய கைகளும் வெந்துபோகின்றன. அந்த விபத்தில் தன் கைக்கும் பங்கிருக்கிறது என்ற நினைப்பு அவளை விடுவதாயில்லை. முழுக்கதையும் சின்னச்சின்னக் கவிதைகளாக, நாட்குறிப்புப் போல மாதம் போட்டுப் போகிறது.

அந்தப் புத்தகத்தைத்தான் அவள் எடுத்தாள். ஆங்கிலத்தில் நாற்பது புள்ளி தாண்டாத பிள்ளை. ‘இது உனக்குக் கஷ்டம்’ என்று சொல்ல வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஒன்பது நாள் இடைவேளைகளில் வாசித்தாள். அகராதி பக்கத்தில் இருந்தது. முதல் இரண்டு நாளுக்குப் பிறகு அதைத் திறந்ததை நான் காணவில்லை. எப்படி முடிந்தது என்று கேட்டபோது, “வரி சின்னது மிஸ். ஒரு வரி முடிஞ்சா கொஞ்சம் நிண்டுக்கலாம்” என்றாள்.

இந்த வடிவத்தைப் பற்றி எவ்வளவோ விமர்சனம் எழுதலாம். அவள் சொன்னதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது. துக்கத்தில் இருப்பவளுக்கு நீண்ட பந்தியைப் படிக்க முடிவதில்லை. பாதி வாக்கியத்தில் மனம் எங்கோ போய்விடும், திரும்பி வரும்போது எழுவாய் எது என்பது மறந்திருக்கும். கவிதை நாவலில் ஒரு பக்கத்துக்கு ஒரு கவிதை, அதற்கொரு தலைப்பு, சுற்றிவர வெள்ளை. விட்ட இடம் எது என்று தேட வேண்டியதில்லை. கதை சொல்பவரும் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செத்தவீட்டை விவரிக்காமல், வாசலில் குவிந்த செருப்புகளை மட்டும் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். உரைநடை நாவலில் அது குறையாகத் தெரியும். இதில் அதுதான் மூச்சு.

தமிழுக்கு இதில் ஆங்கிலத்தைவிட வசதி அதிகம் என்றே நினைக்கிறேன். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ‘அப்பாவின் சைக்கிளை, பக்கத்து வீட்டுக்காரருக்கு, அம்மா, நேற்று’ என்று நான்கு வரி போகலாம். கொடுத்தாளா, விற்றாளா, கேட்டும் கொடுக்காமல் விட்டாளா என்பது ஐந்தாவது வரி வரும்வரை தெரியாது. வரி முறிகிற இடத்தில் ஒரு பிள்ளையின் பயம் முழுவதையும் நிறுத்தி வைக்கலாம். போதாதற்கு அந்த ‘வருவார்’ வேறு இருக்கிறது.

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு அவள் கேட்டாள்: “இது மாதிரி தமிழ்ல இருக்கா மிஸ்?”

தேடினேன். வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் உள்ள புத்தகசாலைகளில் கேட்டேன். 1942இலிருந்து இருக்கிற கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்தேன். விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்துப் பொது நூலகத்துக்கும் போனேன். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் உங்களில் சிலருடைய கூடங்களில் நின்று கேட்டது நான்தான். நினைவிருக்கலாம், குடையை மறந்துவிட்டுப் போய்த் திரும்பி வந்த ஆள். ஆறு வயதுப் பிள்ளைக்கு நரியும் காகமும் இருந்தன. இருபது வயதுக்கு மேல் எல்லாம் இருந்தது. நடுவில் கடந்தகால வினாத்தாள்களும், ‘உன்னால் முடியும்’ வகைப் புத்தகங்களும். தகப்பன் செத்து நான்கு மாதமான பிள்ளையிடம் ‘உன்னால் முடியும்’ என்று நீட்ட எனக்குக் கை வரவில்லை. நாலு கூடம் தள்ளிச் சிங்களப் பதிப்பாளர்களிடம் ‘யொவுன் நவகதா’, அதாவது இளையோர் நாவல்கள், என்று பெயர் போட்ட தட்டுகளே நிறைந்து கிடந்தன. சீருடையோடு வந்த பிள்ளைகள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் என் பிள்ளைகளும் இருந்தார்கள், சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள்.

பிறகு உங்களில் ஒருவரோடு தொலைபேசியில் பேசினேன். யார் என்று எழுதப் போவதில்லை. அவர் சொன்னதை வேறு இருவரும் ஏறக்குறைய அதே சொற்களில் சொன்னதால் ஒருவர்மீது பழி போடுவது நியாயமில்லை. சாரம் இதுதான்: கவிதையில் நாவலா, எங்கள் வாசகருக்குப் பழக்கமில்லாத சாமான், பிள்ளைகளுக்கு எதற்கு இவ்வளவு சோகம், கடைசியாக, பாதிப் பக்கம் வெள்ளையாக விட்டுப் புத்தகம் போட இங்கே கடதாசி என்ன சும்மாவா கிடைக்கிறது?

பழக்கமில்லை என்றதைக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. அச்சக உரிமையாளர்களுக்கு ஏன் வந்திருக்கும் என்று புரியும். நம் ஆட்கள் காலங்காலமாக அச்சடித்துவந்த துக்கக் கவிதைப் புத்தகம் ஒன்று உண்டு. அதற்குக் கல்வெட்டு என்று பெயர். அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள், சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கையில் கொடுத்துவிடுகிற மெல்லிய புத்தகம். முதலில் கடவுள் வணக்கம். பிறகு இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா, பிறந்து வளர்ந்த வரலாறு. அதன்பின் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். ஒரு சாவைச் சுற்றி நிற்கிற ஒவ்வொருவரும் முறைவைத்துத் தன் குரலில் பேசுகிற கதை. வெளிநாட்டில் இப்போது பலகுரல் கவிதை நாவல் என்று கொண்டாடுகிறார்களே, அந்த அமைப்பை நாம் மரவள்ளிக்கிழங்குக் கறியோடு சேர்த்து இலவசமாக விநியோகித்திருக்கிறோம். இன்று வெள்ளவத்தையில் பளபளப்புத் தாளில் வண்ணப்படம் போட்டு நினைவு மலராக அடிக்கிறீர்கள். பாட்டுக் குறைந்து தேவாரமும் உடல்நலக் குறிப்பும் கூடிவிட்டன. ஆனாலும் மரபு அதுதான். நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. ஓய்வு கிடைத்தால் ஒரு மாலை அதற்குள் போய்ப் பாருங்கள்.

அந்த மரபில் ஒரு ஓட்டை இருக்கிறது. எனக்குப் பதின்மூன்று வயதில் என் அப்பா போனார், யாழ்ப்பாணத்தில். அவருக்கும் கல்வெட்டு அடித்தார்கள். ‘மக்கள் புலம்பல்’ என்று ஒன்றரைப் பக்கம் எனக்காகவும் தம்பிக்காகவும் பாட்டிருந்தது. எழுதியவர் பக்கத்துக் கிராமத்துப் புலவர், எங்களைக் கண்டதே இல்லை. அதில் அப்பா மலை, அப்பா விளக்கு, அப்பா கற்பகதரு. சந்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆச்சி வாசிக்கச் சொல்லி வாசிக்கச் சொல்லி அழுதா. எனக்கு அழுகை வரவில்லை. என் அப்பாவின் சைக்கிள் சங்கிலி ஒழுங்கை முடக்கிலேயே கேட்கும். சுருட்டு மணக்கும். பொய் சொன்னால் காது சிவக்கும். போன அன்று காலையில் அவரோடு சண்டை பிடித்து நான் கதைக்காமல் பள்ளிக்கூடம் போனேன். ஒன்றும் அந்த ஒன்றரைப் பக்கத்தில் இல்லை. என் பெயர் போட்டு வேறொருவர் அழுதிருந்தார். இருபது வருடம் கழித்து இன்னொரு வீட்டுக் கல்வெட்டில் அதே மலையையும் அதே விளக்கையும் கண்டேன்.

புலவரைக் குறை சொல்லவில்லை. சடங்குக்கு அது தேவைதான். ஊர் கூடி அழப் பொதுவான சொல் வேண்டும். ஆனால் சாப்பாட்டுப் பந்தி முடிந்து, கதிரைகளை அடுக்கி லொறியில் ஏற்றிய பிறகு, பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போகவேண்டிய திங்கட்கிழமை ஒன்று வரும். அந்தத் திங்கட்கிழமைக்கு நம்மிடம் புத்தகம் இல்லை. முப்பத்திரண்டாம் நாளிலிருந்து தொடங்குகிற கல்வெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் கேட்பது அதைத்தான்.

பழமை இன்னும் வேண்டுமென்றால் புறநானூற்றின் 112ஆம் பாட்டு இருக்கிறது. பாரி மகளிர் பாடியது. தகப்பனை இழந்த இரண்டு இளம் பெண்கள். ஐந்தே வரி. போன மாதத்து நிலவில் தகப்பன் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான் சொல்கிறார்கள். அழுகை, கண்ணீர் என்ற சொற்களே அந்த ஐந்து வரிக்குள் கிடையாது. எத்தனையோ வருடம் இதைத் ‘துறை: கையறுநிலை’ என்று கரும்பலகையில் எழுதி இரண்டு புள்ளிக்கான விடையாகப் படிப்பித்திருக்கிறேன். இதைப் பாடியவர்களுக்கு என் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான் இருந்திருக்கும் என்பது எனக்கு உறைத்ததே போன வருடம்தான். நெடுங்கதையைக் கவிதையில் சொல்வதும் ஈழத்துக்குப் புதிதல்ல. மஹாகவி உருத்திரமூர்த்தி ‘கண்மணியாள் காதை’யையும் ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திர’த்தையும் எழுதினார், நீலாவணன் ‘வேளாண்மை’யை எழுதினார். பேச்சோசை கெடாமல் கதையைச் செய்யுளில் நடத்திக்காட்டியவர்கள். பழக்கமில்லாதது நமக்கா?

சோகம் வேண்டாம் என்பதைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது மூன்றாம் நான்காம் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தான் இப்போது சாதாரண தரப் பரீட்சையை எட்டி நிற்கிறார்கள். அந்தக் கோவில் எங்கள் பிள்ளைகள் நடந்து போகிற தூரம். 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்றது. 2021 பெப்ரவரியில் அது மாறும்வரை எத்தனையோ முஸ்லிம் பிள்ளைகள், வாப்பாவை அடக்கம் செய்த இடம் என்று காட்ட ஒரு பிடி மண்கூட இல்லாமல் நின்றார்கள். அதன்பிறகு அனுமதி கிடைத்தபோதும் மையத்து கிழக்கிலுள்ள ஓட்டமாவடிவரை போகவேண்டியிருந்தது. வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் படிக்கிற பிள்ளைகளின் வீடுகளில் இன்னொரு வகை உண்டு. அங்கே திதி வெண்பாவே எழுத முடியாது, நாள் தெரியாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களோடு வீதியோரம் உட்கார்ந்தபோது, அவர்கள் கையிலிருந்த படத்து ஆளுக்கு எந்த வினைமுற்றைப் போடுவது? அந்த வீட்டுப் பிள்ளை ‘மாமா வருவார்’ என்று எழுதினால் எந்தச் சிவப்புப் பேனை அதைத் தொடும்?

சோகம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் புத்தகத்தில் வைத்துப் பூட்டினால் கொஞ்ச நேரமாவது மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போகலாம்.

இனிக் கடதாசி. இதில் உங்களை நான் லேசாக எடுக்கவில்லை. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனதை வகுப்பறையில் நின்று பார்த்தவள் நான். பழைய கொப்பிகளின் எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினாறு பக்கம் ஒரு போர்மா. பன்னிரண்டு போர்மாவில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். உங்களில் பலர் இதே பக்க எண்ணிக்கையில் உயர்தர வழிகாட்டி அடிக்கிறீர்கள், அடுத்த வருடம் பாடத்திட்டம் மாறினால் அது பழைய கடதாசி. அளவைச் சின்னதாக்குங்கள், அட்டையில் ஒரே வண்ணம் போடுங்கள், தாளின் தரத்தையும் கொஞ்சம் குறையுங்கள், நான் முணுமுணுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இடம் மிச்சம் பிடிக்க ஒரு கவிதை முடிந்த கையோடு அதே பக்கத்தில் அடுத்ததைத் தொடங்க வேண்டாம். ஜேசன் ரெனோல்ட்ஸ் 2017இல் எழுதிய ‘லோங் வே டவுன்’ முழுவதும் லிஃப்ட் ஒன்று ஏழு மாடி இறங்குகிற அறுபது விநாடிக்குள் நடக்கிறது. அண்ணனைச் சுட்டுக் கொன்றவனைத் தேடித் துப்பாக்கியோடு இறங்குகிறான் பதினைந்து வயதுப் பையன். ஒவ்வொரு மாடியிலும் செத்துப்போன ஒருவர் ஏறுகிறார். முந்நூறு பக்கத்துக்கு மேல். அந்த வெள்ளையையெல்லாம் சுருக்கி நெருக்கினால் லிஃப்ட் விழுந்துவிடும். (வெள்ளவத்தையில் லிஃப்ட் இல்லாத ஒழுங்கை இப்போது எது? நம்மில் யாருக்கும் இந்தக் கதை தோன்றவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.)

கடதாசி மிச்சம் பிடிக்க நல்ல வழி ஒன்று எனக்குத் தெரியும். ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, மதிப்புரை, பதிப்புரை, என்னுரை. நம் புத்தகங்களில் கதை பதினேழாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. அதற்குள் ஒரு போர்மா முடிந்தது. அதை வெட்டுங்கள், ஒரு பிள்ளைக்குப் பதினாறு கவிதை கிடைக்கும்.

எழுத்தாளர்களிடம் போகும்போது இன்னொன்றையும் சொல்லுங்கள். கடைசி அத்தியாயத்தில் பிள்ளை எல்லாவற்றையும் ‘கடந்து’ வந்துவிட வேண்டாம். பரிசளிப்பு விழாவில் முதற்பரிசு வாங்கி, வானத்தைப் பார்த்து அப்பாவுக்குக் காட்ட வேண்டாம். நம் மொழியில் துக்கத்துக்குச் சொல்லப்படுவது ஆறுதல். புண் ஆறும், சோறு ஆறும், தேத்தண்ணி ஆறும். எல்லாவற்றுக்கும் ஒரே வினை. யாரும் போய் எதையும் செய்வதில்லை, பக்கத்தில் இருக்கவேண்டும், நேரம் போகவேண்டும். அந்த ஒக்லஹோமாப் பெண்ணும் வீட்டைவிட்டு ரயிலேறிப் போனவள்தான், பிறகு தானாகத் திரும்பி வருகிறாள். தகப்பனும் அவளும் கொஞ்சம் கதைக்கத் தொடங்குகிறார்கள். என் மாணவிக்கு அதுதான் பிடித்திருந்தது. “பெருசா ஒண்டும் நடக்கல்ல மிஸ்” என்று சந்தோஷமாகச் சொன்னாள். கடைசிப் பக்கத்தில் நீதி போடும் பழக்கத்தை விடமுடியாவிட்டால் அந்த இடத்தில் 1926 என்று போடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண். புத்தகம் மருந்தில்லை என்பது எனக்கும் தெரியும். சில பிள்ளைகளுக்கு வாசிப்பதைவிட யாரோடாவது கதைப்பதே அவசரம்.

மொழியைப் பற்றிக் கேட்பீர்கள். அவள் ‘நிண்டுக்கலாம்’ என்கிறாள், நான் ‘நிண்டுகொள்ளலாம்’ என்பேன். பின்வாங்கில் இருக்கும் பையன் ‘வாப்பா மௌத்தானது’ என்று தொடங்குவான். அவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் ஹற்றனிலிருந்து வந்தவன், அவன் வீட்டில் அது ‘கேதம்’. ஒரே வகுப்பில் துக்கத்துக்கு இத்தனை தமிழ். திருத்துநர்கள் இவற்றைப் பிடித்து ஒரே அச்சில் வார்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள். உரைநடையில் பேச்சுத் தமிழ் நெடுக வந்தால் சிலருக்கு வாசிக்கச் சிரமம், ஒப்புக்கொள்கிறேன். குறுவரியில் அந்தச் சிரமம் இல்லை, ஓசை தானாகக் காதில் விழும். சென்னையிலிருந்து இறக்குமதி செய்கிற புத்தகம் இந்த வேலையைச் செய்யாது. அங்கே செத்தவீடு ‘எழவு’. என் பிள்ளைகள் அதைத் திட்டாகத்தான் அறிவார்கள்.

யார் எழுதுவது என்ற கேள்விக்கு என்னிடம் பாதிப் பதில் இருக்கிறது. இந்த வருடம் தொடக்கத்திலிருந்து வியாழக்கிழமைகளில், பாடசாலை ஒன்றரைக்கு விட்ட பிறகு, ஐந்தாறு பிள்ளைகள் நூலகத்தில் இருந்து எழுதுகிறார்கள். நான் திருத்துவதில்லை. சிவப்புப் பேனையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உட்காருகிறேன். ஒருவன் தன் நாயைப் பற்றி எழுதுகிறான். அவன் உண்மையில் எழுதுவது யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. என் மாணவி இதுவரை முப்பத்தெட்டுக் கவிதை எழுதியிருக்கிறாள், ஒரே கதை, தொடர்ச்சியாக. அவளிடமும் தாயிடமும் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சிலது சினிமாப் பாட்டு மாதிரி இருக்கிறது. ஏழெட்டு இடத்தில் வாசித்துவிட்டு நான் எழும்பிப் போய் யன்னலைத் திறந்திருக்கிறேன்.

உங்களில் யாராவது ஒரு வியாழக்கிழமை வரவேண்டும். தரகு, ஒப்பந்தம் எல்லாம் பிறகு பார்க்கலாம். வந்து பின்வாங்கில் இருங்கள், போதும். கட்டாயம் வாசிப்பீர்கள் என்று நினைப்பதால் ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். முப்பத்தொன்பதாவது தாளில் ‘ஐந்தரை’ என்று தலைப்பு மட்டும் இருக்கிறது. கீழே ஒன்றும் இல்லை. எப்போது எழுதப் போகிறாய் என்று கேட்டேன். “எழுதிட்டேன் மிஸ், அது அப்படித்தான்” என்றாள். அந்தப் பக்கமும் அச்சில் வரவேண்டும். கடதாசிக் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நூலகப் பொறுப்பாசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13